எடைக்கு எடை உப்பு

தாய்மாமன் அவன் குத்துக்கல்லாட்டம் நிற்க, அக்கா மகளின் துலாபாரத் தட்டில் எவனோ ஒரு கண்ணாயிரம் உப்பு வைத்தான். இருபத்தைந்து வருஷமாக மாயவனுக்கு ஆறாமல் கிடந்தது இதுதான். மரக்காணத்து டீக்கடைகளில் அவன் இதைச் சொல்லி ஏசாத பெஞ்சு இல்லை. அந்தக் கோபத்தில், சந்தியா வயசுக்கு வந்தபோது மாமன் சீர் கொண்டுபோகவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை.

அக்கா கொளஞ்சியம்மாள் உப்பளத்தில் கூடை சுமந்தே அந்தப் பெண்ணை வளர்த்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டான். கிலோக்கணக்கு அவள் வாயில் வராது. எடைபோடும் வேலையிலிருந்த அப்பா சொன்னதுதான் அவளுக்குக் கணக்கு. "தராசுக்கோலுக்குப் பேரு துலா. அதுல நிறுத்ததால துலாம். ஒத்த ஆளு தூக்கமுடியாத சுமைன்னா பாரம்" என்பாள். எட்டு வீசை ஒரு மணங்கு, இன்றைய கணக்கில் பதினோரு கிலோ சொச்சம். காய்ச்சலில் கிடந்த சந்தியா பிழைத்தால் எடைக்கு எடை உப்பு என்று வேண்டிக்கொண்டாள். நிறுத்தபோது பிள்ளை சரியாக ஒரு மணங்கு.

போன மாசம் சந்தியா போன் செய்தாள். "மாமா, அம்மா படுத்த படுக்கையா இருக்குது. உங்களப் பாக்கணுங்குது."

போனான்.

"வாடா பெரிய மனுசா. வழி தெரிஞ்சுதா?" என்றாள் அக்கா.

உட்கார்ந்ததும் அதையேதான் கேட்டான். "அன்னிக்கு ஏன்க்கா என் கையத் தட்டிவுட்டு, கண்ணாயிரத்தக் கூப்ட்டு உப்பு வெக்கச் சொன்ன?"

"உன் மூட்டையில தண்ணி சொட்டிச்சுடா."

காய்ந்த உப்பாகப் பார்த்து முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள். அவன் சீட்டாடிவிட்டு, விடிந்ததும் பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய உப்பை அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடினான். ஈர உப்பில் தண்ணீரும் எடையில் சேரும். தட்டு சமமாகிவிடும், சாமிக்கு உப்பு குறையும். பிள்ளை உசுருக்கு வேண்டிக்கொண்டதில் குறை.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? தம்பிய மதிக்காதவள்னு ஊரே உன்ன ஏசுச்சே."

"சொன்னா உன்ன ஏசும். நாலு பேரு எதுர்ல உனக்கு அது வேணாம்னுதான். என்ன ஏசிட்டுப் போவட்டும்."

ஊரை ஏசவைத்ததே தான்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவனால் தலை நிமிர முடியவில்லை. சந்தியாவின் மகன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று அவனையே பார்த்தான்.

கொளஞ்சியம்மாள் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"இவனும் மணங்கு தேறுவான்டா. ஆடியில துலாபாரம். அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேன். சந்தியாவுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல, மாமன் எடத்துல நீதான் உப்பு வெக்கணும். நல்லா வெயில்ல காயவெச்சு எடுத்துனு வா."