எங்க சந்து முனையில நின்ன மிலிட்டரி

மொதல்லயே சொல்லிடறேன் தம்பி, எனக்கு பேய் பிசாசு எதுலயும் நம்பிக்கை கெடயாது. ராத்திரில கொல்லைப்பக்கம் போறப்ப பாட்டு பாடிக்கினு போவேன், வாஸ்தவம்தான், அது பாம்புக்காக. பேய் கதை சொல்றவன் மூஞ்ச பாத்தாலே எனக்கு சிரிப்பு வந்துடும். இப்ப நீ சிரிக்கற பாரு, அதே மாதிரி. சிரி. நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகல்ல, காலையில பதினோரு மணிக்கு, நான் ஒரு சொட்டு குடிக்காம இருக்கறப்ப.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்த வெட்டி போட்டாங்களே, அந்த வருஷம். வடக்கனந்தல்ல வூட்ட ஒட்டியே மெக்கானிக் கடை, எனக்கு இருவத்தெட்டு வயசு, என் பொண்ணு செல்விக்கு அஞ்சு. கள்ளக்குறிச்சி ரோட்டுல ஒரு புளியமரத்த சாச்சது நானும் அடுத்த சந்து கோவிந்தனும்தான். அதாவது அறுத்தது அவன், ரம்பத்துக்கு அரம் போட்டு குடுத்துட்டு பீடி புடிச்சிக்கினு நின்னது நானு. விடியறதுக்கு மின்ன, எங்க ரெண்டு பேர தவிர ஒரு காக்கா குருவிக்கு தெரியாது. அத இன்னிக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க புள்ளைங்களும் படிச்சி ஒரு ஆபீசுல ஒக்காரணும்னு கேட்டோம், கேட்டது தப்பா? யாரு வேணா வரட்டும், பேசறேன். ஆனா மரம் சாஞ்ச சத்தத்துல பயந்து ஓடியாந்தோம் பாரு, ரம்பத்த அங்கயே வுட்டுட்டோம். கடை சாமான எவனும் அமுக்கிடக்கூடாதுன்னு ஸ்பேனர்லேர்ந்து சுத்தியல் வரைக்கும் பெயிண்ட்ல பேர் எழுதி வெக்கற ஆளு நானு. ரம்பத்து கைப்புடியிலயும் எழுதியிருந்தேன். இனிஷியலோட.

மறியல் முடிஞ்சதும் போலீஸ் ஊர் ஊரா வந்து ஆள தூக்க ஆரம்பிச்சாங்க. பாதி ஆம்பளைங்க கல்வராயன் மலைக்கு ஏறிட்டாங்க. நான் ஏறல. வீரம்னு நெனச்சிக்காத, எனக்கு மூச்சு வாங்கும். என் பொண்டாட்டி மல்லிகா தெனமும் அழுவா, உன்ன உள்ள வெச்சிட்டா நானும் கொழந்தையும் எங்க போயி நிக்கறதுன்னு. "என்ன புடிக்கறவன் இன்னும் பொறக்கலடி"ம்பேன். சொல்லிட்டு தாழ்ப்பா போட்டிருக்கான்னு ரெண்டு வாட்டி போயி பாப்பேன்.

அந்த கலாட்டாவுலதான் ஆயுத பூஜை வந்துச்சி. கடைய சுத்தம் பண்றப்ப பரண் மேல ஒரு தகர டப்பா. தொறந்தா என் சோல்ஜருங்க! சின்ன வயசுல ரிஷிவந்தியம் திருவிழாவுல எங்கப்பா வாங்கி குடுத்த பச்ச பிளாஸ்டிக் பொம்மைங்க, வெரல் ஒசரம், தோள்ல துப்பாக்கி. தரையில ஒக்காந்து நானே ரெண்டு கட்சியா பிரிச்சி சண்டை வுட்டுக்கினு இருக்கேன், செல்வி வந்து "இது இனிமே எனக்கு"ன்னுச்சி. நெசமா சொல்றேன், குடுக்க மனசு வரல. இருவத்தெட்டு வயசு கழுதைக்கு. மல்லிகா மொறைச்சா, குடுத்துட்டேன்.

அது இன்னா பண்ணிச்சி, பூஜையில ஸ்பேனருக்கு பக்கத்துல பொம்மைங்கள நிக்க வெச்சி ஒவ்வொருத்தன் நெத்தியிலயும் குங்குமம் வெச்சிடுச்சி. "கரெக்ட்தான், இந்த வூட்ல நெசமான ஆயுதம் வெச்சிருக்கறவன் இவனுங்கதான்"னு நானும் சிரிச்சேன். பூஜையில வெச்சத அன்னிக்கு தொடக்கூடாது. மறுநாள் கற்பூரம் காட்டி எடுத்து, பேருக்காவது அதால ஒரு வேல செஞ்சாவணும், அது வழக்கம். மறுநாள் காலையில நான் ஒரு போல்ட்ட திருவினேன். மல்லிகா அருவாமனையில ஒரு கத்திரிக்கா அரிஞ்சா. செல்வி பொம்மைங்கள பாவாடையில அள்ளிக்கினு, "இவங்களுக்கு இன்னா வேலப்பா?"ன்னு கேட்டிச்சி.

நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். "அப்பாவ புடிக்க வரவன தொரத்தறதுதான்"னேன்.

சரின்னு போயிடுச்சி. சந்து முனையில மண்ணுல வரிசையா நட்டு வெச்சிட்டு பக்கத்துலயே குந்திக்கிச்சி. நான் டீ குடிச்சி முடிக்கல, ஜீப்பு சத்தம். எங்க ஓடறது? நெல்லு குதிருக்குள்ள குதிச்சிட்டேன், மல்லிகா மேல மொறத்த போட்டு மூடிட்டா. கழுத்து வரைக்கும் நெல்லு, மூக்கு பூரா தூசி, தும்மல் வருது, மனசுக்குள்ள ஒரே நெனப்பு. உன்கிட்ட ஒளிக்காம சொல்றேன். அறுத்தவன் கோவிந்தன், அடுத்த சந்துடா, என்ன ஏன்டா புடிக்க வரீங்க. அதான் நெனப்பு. மனசுக்குள்ளதான். வாய தொறக்கல, தொறந்தா நெல்லு பூந்துடும்.

ஜீப்பு சந்து முனையில நின்னிச்சி. அப்பறம் ஒரு சத்தம், நெறைய பூட்ஸ் காலு ஒண்ணா தரையில அடிச்சா வருமே, ஒரே ஒரு "டக்". நம்பினா நம்பு, நம்பாட்டி போ. அப்பறம் ஜீப்பு ரிவர்ஸ் எடுத்து போயிடுச்சி.

தலையில நெல்லோட ஓடிப்போயி பாத்தேன். செல்வி அங்கயே குந்திக்கினு பொரி தின்னுது. பொம்மைங்க நட்டது நட்ட மாதிரி. "போய்ட்டாங்கப்பா"ன்னுச்சி, பஸ்ஸு போயிடுச்சின்னு சொல்ற மாதிரி.

கோவிந்தன தூக்கிக்கினு போனது அதே ஜீப்புதான். மூணு மாசம் உள்ள இருந்தான். அடிச்ச அடியில எடது கை வெரலு ரெண்டு இன்னிக்கும் மடங்காது அவனுக்கு. அப்பவும் என் பேர சொல்லல.

ஏழெட்டு வருஷம் கழிச்சி ரிட்டயர் ஆன ஏட்டு ஒருத்தரு மொபெட் ரிப்பேருக்கு கடைக்கு வந்தாரு. போர்டுல இருந்த பேர பாத்தாரு, என்ன பாத்தாரு. "யோவ், மரம் வெட்டின கேசுல உன் பேரு மட்டும்தான்யா எங்க லிஸ்ட்டுல இருந்திச்சி"ன்னாரு.

"அப்பறம் ஏங்க என்ன வுட்டுட்டு போனீங்க?"

"எங்க உள்ள வர்றது? உன் சந்து முனையில மிலிட்டரி நின்னுக்கினு இருந்திச்சி. எங்க ஐயாவே எறங்கி சல்யூட் அடிச்சாரு."

"மிலிட்டரியா? வடக்கனந்தலுக்கா? எதுக்குங்க, கத்திரிக்கா திருட்டு ஜாஸ்தியா ஆயிடுச்சா?"ன்னு சிரிச்சேன்.

அவரு சிரிக்கல. "நெத்தியில எல்லாரும் குங்குமம் வெச்சிருந்தாங்க. வடக்கத்தி பட்டாளம்னு நெனச்சோம். ஆனா முன்னால நின்ன ஆளு தமிழ்லதான் பேசினாரு. அறுத்தவன் கோவிந்தன், அடுத்த சந்துன்னாரு. அப்பிடி ஒருத்தன் இருக்கறதே எங்களுக்கு அப்பதான்யா தெரியும்."

நான் குனிஞ்சி மொபெட்டோட ஸ்பார்க் பிளக்க தொடைச்சிக்கினே இருந்தேன். அது எப்பவோ சுத்தமாயிடுச்சி.

"இப்ப நீ பேசறத கேக்கறப்பதான் தோணுது"ன்னாரு ஏட்டு. "அச்சு அசலா உன் கொரலுய்யா அது. மிலிட்டரில உனக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மனசுல நெனச்சதுக்கெல்லாம் ஒருத்தன குத்தவாளின்னுட முடியுமா, நீயே சொல்லு. நான் ஒத்துக்க மாட்டேன். எவன் கேட்டாலும் ஒத்துக்க மாட்டேன். கோவிந்தன் இன்னமும் சாயங்காலம் கடைக்கு வருவான், நான் அடிக்கற ஜோக்குக்கு மொதல் ஆளா சிரிப்பான். அவன்கிட்ட நீ எதுவும் வாய வுட்டுடாத.

மல்லிகா அந்த டப்பாவ ஆத்துல கொண்டு போயி போடுன்னா. முடியாதுன்னுட்டேன். சொன்ன வேலைய செஞ்சவங்கள ஆத்துல போடுவாங்களா? செல்விய உளுந்தூர்பேட்டையில குடுத்தப்ப கூடவே குடுத்து அனுப்பினேன், இப்ப டப்பா என் பேத்தி கையில. நான் போறப்பல்லாம் டப்பாவ கொட்டி என் முன்னால வரிசையா வெச்சிடும். நான் யானை மாதிரி கத்துவேன், கண்டக்டர் மாதிரி அதட்டுவேன், அதோட அப்பா கொறட்டை வுடறத அப்பிடியே வுட்டு காட்டுவேன், எனக்கு வராத கொரலே கெடயாது. "தாத்தா, சோல்ஜர் மாதிரி பேசு தாத்தா"ன்னு கேக்கும்.

அந்த ஒரு கொரல்ல மட்டும் நான் பேசறதில்ல.