இருநூறு கிராம் காஸ்டிக்

ஸ்வர்ணலதாவைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத வாய் எங்கள் தெருவில் இல்லை. ஆமாம், திமிர்தான். அதிலென்ன தப்பு? எதிர்வீட்டில் தறி போட்டிருக்கும் நான் சொல்கிறேன், அந்தத் திமிர் இல்லையென்றால் கன்னியம்மாளுக்குக் கால் மிஞ்சியிருக்காது.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அவளுடையது. கெமிஸ்ட்ரி படித்தவள். கணவன் போன பிறகு கொழுந்தன் குப்புராஜைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே நடத்தினாள். சாயம் நூலில் பிடிக்க ஆசிட் ஊற்றுவார்கள். சாயம் நூலில் ஏறிவிடும். ஆசிட் தண்ணீரிலேயே நிற்கும். எல்லாப் பட்டறைக்காரர்களும் அதை அப்படியே தெருக் கால்வாயில் திறந்துவிடுவார்கள். அதில் வெறுங்காலோடு இறங்கிச் சேறு அள்ளுகிறவள் கன்னியம்மாள்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் அவள் ஸ்வர்ணலதாவிடம் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"இனிமே என் தொட்டித் தண்ணி உன் காலைச் சுடாது. சுட்டா பட்டறையைப் பூட்டிடறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் ஸ்வர்ணலதா.

மறுநாள் தொட்டியில் பி.ஹெச். காகிதத்தை முக்கினாள். மூன்று காட்டியது. ஏழுக்குக் கீழே போனால் ஆசிட், மேலே போனால் காரம்; ஏழு வந்தால்தான் அது நல்ல தண்ணீர். ஐயாயிரம் லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டு, ஆசிட்டை முறிக்க இருநூறு கிராம் காஸ்டிக் சோடா போதும் என்றாள்.

"இம்மாம்பெரிய தொட்டிக்கு இத்துனூண்டா அண்ணி?" என்று குப்புராஜ் சிரித்தான்.

நூற்றெண்பது கிராமைக் கரைத்து ஊற்றிக் கலக்கியதும் காகிதம் நான்கு காட்டியது. மீதியை நிறுத்து எடுத்துவர அவள் உள்ளே போனாள். அதற்குள் நம்ம ஆள் தனியாக ஒரு கணக்குப் போட்டான். ஒரு படி ஏற இவ்வளவு என்றால், மிச்சம் மூன்று படிக்கு மூன்று மடங்கு வேண்டாமா? டப்பாவிலிருந்து அள்ளிக் கொட்டிவிட்டான், அடப்பாவி!

"நாலு வந்தப்பவே பத்துல ஒம்போது பங்கு ஆசிட் போயிடுச்சு தம்பி. மிச்சத்துக்கு இருபது கிராம்தான்" என்று திரும்பி வந்த ஸ்வர்ணலதா தலையில் அடித்துக்கொண்டாள். மஞ்சள் தடவிய துணியைத் தொட்டியில் முக்கினாள். சுண்ணாம்பு பட்ட ஆரத்தித் தண்ணீர் போல் சிவந்தது. "பாரு, எப்டி செவந்துகினு வருது! காஸ்டிக் மிஞ்சிப்போச்சு. இதுவும் காலை அரிக்கும்."

"ஜல்தி தொறந்து வுடுங்க அண்ணி. அடுத்த நூல் காத்துகினு கீது. ஊரே வுடுது, நமக்கு மட்டும் இன்னா?"

அவள் தொட்டி அடைப்பை மறித்து உட்கார்ந்துவிட்டாள். "ஊர் வுடட்டும். என் தொட்டி தொறக்காது."

சாயத்துக்கு வைத்திருந்த ஆசிட்டையே கணக்குப் பார்த்து, தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மத்தியானம் காகிதம் ஏழு காட்டியது. கன்னியம்மாளைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

"காயிதத்த நீங்களே வெச்சிக்கோங்கம்மா. வெந்தது என் காலு" என்றாள் அவள்.

நியாயம்தானே! ஸ்வர்ணலதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக் கால்வாயில் இறங்கினாள். மற்ற பட்டறைக்காரர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். குப்புராஜ் அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீர் அவள் கணுக்காலில் மோதி ஓடியது. தொட்டியில் பாதி காலியாகும்வரை அவள் அசையவில்லை.

கன்னியம்மாள் கிட்டே போய் அவள் பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க ஏறுங்கம்மா. தெனம் தொறக்கறது ஒங்க கொழுந்தனாருதானே? தெனமும் அவரு மொதல்ல எறங்கட்டும். அப்புறம் நான் எறங்கறேன்."

குப்புராஜ் அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

"காதுல வுழலையா தம்பி?" என்றாள் ஸ்வர்ணலதா.

அவன் லுங்கியை மடித்துக் கட்டினான்.