காலி ஷாட்டில் தெரிந்த புள்ளி

இது நிஜமாகவே நடந்தது. கதை விடுகிறாள் என்று சிரிக்கப் போகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ராத்திரி கூட இல்லை, பட்டப்பகல். தூக்கக் கலக்கமும் இல்லை, ரெண்டு காபி குடித்திருந்தேன்.

ரேடாருக்குச் சிக்காத போர் விமானம் ஒன்றை எங்கள் இடத்தில் உருவாக்குகிறார்கள். முதல் மாதிரி விமானம் தயார். அது நிஜமாகவே சிக்காமல் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது எங்கள் டீம். ஜன்னலே இல்லாத பெரிய ஹால். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் கூம்பு கூம்பாகக் கறுப்பு ஸ்பாஞ்ச். நடுவில் ஒரு தூண். தூண்மேல் விமானம். எதிரிலிருந்து ரேடார் அலையை அடிப்போம். எந்த இடம் அலையைத் திருப்பி அனுப்புகிறதோ அந்த இடம் திரையில் புள்ளியாகத் தெரியும். புள்ளி குறையக் குறைய எங்களுக்குக் கொண்டாட்டம்.

அந்த ஸ்பாஞ்ச் சத்தத்தையும் விழுங்கிவிடும். உள்ளே நின்று கத்திப் பாருங்கள். குரல் வாயைத் தாண்டியதும் செத்துப்போகும். எதிரொலி என்ற பேச்சே கிடையாது.

விமானம் இல்லாமல் வெறும் அறையையும் ஒரு தடவை அளப்போம். அதற்கு 'காலி ஷாட்' என்று பெயர். தூணும் சுவரும் கொஞ்சம் அலையைத் திருப்பும் இல்லையா? அதை விமானத்தின் அளவிலிருந்து கம்ப்யூட்டர் கழித்துவிடும். அறையின் குறை விமானத்தின் தலையில் விழக் கூடாதே, அதற்காக. அந்தக் கழித்தலில்தான் வம்பே ஆரம்பித்தது.

இந்த விமானத்தை முதல்முதலாக ஓட்டப்போகிறவள் என் அக்கா. கூடப் பிறந்தவள். டெஸ்ட் பைலட். வியாழக்கிழமை பறக்க வேண்டும். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

"ஏய் பட்டாசு, எப்ப கையெழுத்துப் போடுவ? எனக்குக் கை பரபரங்குது," என்றாள் அக்கா. பட்டாசு என்பது நான்தான்.

"பரபரன்னா பாத்திரம் கழுவு. அளந்து முடிக்காம போட மாட்டேன்."

"பெரிய்ய ஆபீசர்!"

திங்கட்கிழமை மதியம் 1:10. கண்ட்ரோல் ரூமில் நானும் எங்கள் டீம் தலைவர் சீஃபும் மட்டும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முதல் ஷாட் அடித்தேன்.

விமானத்தின் வால் பக்கம் ஒரு புள்ளி.

சின்னப் புள்ளி இல்லை. ஒரு ஆள் நின்றால் தெரியுமே, அந்த அளவு.

"எவனோ ஸ்டூலை உள்ள விட்டுட்டு வந்திருக்கான். போய்ப் பாரு," என்றார் சீஃப்.

போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டூல் இல்லை. ஸ்குரூ கூட இல்லை. சும்மா, விளையாட்டுக்குத்தான், "யாரு?" என்று கேட்டேன். குரல் அப்படியே அமுங்கியது. வழக்கம்தான். திரும்பி நடந்தேன். கதவில் கை வைத்தேன்.

"யாரு?"

என் குரல். என் முதுகுக்குப் பின்னால்.

எதிரொலியே வராத அறை. வந்தது. அதுவும் நான் கேட்டு அரை நிமிஷம் கழித்து...

சீஃபிடம் சொல்லவில்லை. அடுத்த ஷாட் அடித்தேன். புள்ளி இறக்கைக்கு வந்திருந்தது. மூன்றாவது ஷாட். புள்ளி காக்பிட்டில். சரியாக, பைலட் சீட்டில்.

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அறையிலதான் கோளாறு. விமானத்தை இறக்கச் சொல்லு. புதுசா காலி ஷாட் எடுப்போம்."

கிரேன் வந்தது. விமானத்தை இறக்கி, நிறுத்திவைக்கும் ஹேங்கருக்குக் கொண்டுபோனார்கள். 4:35. அறையில் தூணைத் தவிர ஒன்றுமில்லை. அடித்தேன்.

புள்ளி அதே இடத்தில்.

விமானம் இல்லை. சீட் இல்லை. ரெண்டு ஆள் உயரத்தில், வெறும் காற்றில்... அது உட்கார்ந்திருந்தது.

சீஃப் பெருமூச்சு விட்டார். நிம்மதியில்! "பாத்தியா? விமானத்துல குறையே இல்ல. அறையோட கோளாறு. கழிச்சுடு, சுத்தமாயிடும்."

"இருக்கறதைக் கழிச்சா இல்லாம போயிடுமா சார்?"

"கணக்குல போயிடும்ல?"

"எங்க அக்கா கணக்குலயா உக்காரப் போறா? அந்தச் சீட்டுல உக்காரப் போறா."

"பேய்க்கெல்லாம் ரிப்போர்ட்ல எடம் கிடையாதும்மா. வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு நேராக உள்ளே போனேன். என்ன தைரியம் என்று கேட்காதீர்கள். கோபம், அவ்வளவுதான். தூணுக்கு அடியில் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இறங்கு. அது எங்க அக்கா எடம்."

அமைதி. என் காதுக்குள் என் இதயம். லப்... லப்...

பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம்.

ஹ்ஹா... ஷ்ஷ்... ஹ்ஹா... ஷ்ஷ்...

ஆக்சிஜன் மாஸ்க்கில் மூச்சு விடும் சத்தம்.

"இறங்குன்னு சொன்னேன்!"

மூச்சு நின்றது.

என் குரலிலேயே பதில் வந்தது.

"மாட்டேன்."

அந்த வார்த்தையை நான் சீஃபிடம்தான் சொல்லியிருந்தேன். வெளியே. ரெண்டு கதவுக்கு அந்தப் பக்கம்.

ஓடினேன். ஆமாம், ஓடினேன். யாராக இருந்தாலும் ஓடுவார்கள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

அது பிடித்து வைத்திருப்பது அந்தச் சீட்டை; அதை மாற்றினால்தான் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். திட்டினார்கள், கெஞ்சினார்கள், மேலதிகாரி ரூமில் நிற்கவைத்தார்கள். வியாழக்கிழமை தள்ளிப்போனது. அக்காதான் ரொம்பக் கொதித்தாள்.

"எத்தனை வருஷமா இதுக்காகக் காத்திருக்கேன் தெரியுமா? எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்கடி!"

"சிரிக்கட்டும். நீ உயிரோட இருந்து அதைக் கேளு."

என் வாயை அடைக்கவே சீட்டைக் கழற்றி ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். புது சீட் வந்தது. மறுபடி காலி ஷாட் எடுத்தேன். புள்ளி இல்லை. விமானத்தை ஏற்றி அளந்தேன். சுத்தம். அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் அக்கா பறந்தாள். நாற்பது நிமிஷம். பஞ்சு மாதிரி இறக்கினாள். என்னைக் கட்டிப்பிடித்து, "பேயோட்டி வந்துட்டா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். கோபம் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து சீட் மெக்கானிக் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா பறந்தாங்கல்ல, அன்னிக்கு சாயந்திரம் ஸ்டோரைத் தொறந்தேன். அந்தப் பழைய சீட்ல பெல்ட் எல்லாம் மாட்டியிருந்துச்சும்மா."

"யாராவது மாட்டியிருப்பாங்கண்ணே."

"சாவி என்கிட்டதான். சும்மாவும் மாட்டல. இறுக்கி இழுத்து மாட்டியிருந்துச்சு. நடுவுல ஆள் இருந்தா எப்படி விறைப்பா நிக்கும், அப்படி. பெல்ட் பூட்டைத் தொறக்கவே முடியல. கத்தியால அறுத்தேன்..."

"அப்புறம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குஷன் அதுவரைக்கும் அமுங்கியே இருந்திருக்கு. அறுத்ததும் மெதுவா மேல எழும்புச்சு. உக்காந்திருந்த ஆள் எந்திரிச்சா எழும்புமே... அப்படி."

எழுந்தது எங்கே போனது? தெரியாது. யாருக்கும் தெரியாது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் தொடர்ந்து பறக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்னால் நான் ஏணியில் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். எல்லோரும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நேற்றுக் காலையும் ஏறினேன். ஹேங்கர் சில்லென்று கிடந்தது. ஏணிக் கம்பியில் கை வைத்தால் விரல் மரத்தது. எனக்கு முன்னால் அன்றைக்கு யாருமே ஏறவில்லை.

உட்கார்ந்தேன்.

சீட் சூடாக இருந்தது.

எழுந்தால் அது உட்கார்ந்துவிடும். நான் எழுந்திருக்கவில்லை.