பின்பாதி வண்டி

1850 ஜூன் மாதம், அமெரிக்காவில் லாரமி கோட்டைக்கு வெளியே ஆற்றங்கரையில், ஒரு நான்கு சக்கர மாட்டு வண்டியைக் குறுக்கே அறுத்து இரண்டாக்கினார்கள். அதன் பின்பாதி இன்றும் எங்கள் பைன் ஃபிளாட்டில் தெர்சா பெனிமனின் சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்கிறது. காலையில் அதில் மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரத்தை ஏற்றிக்கொண்டு மலைமேல் சுரங்கங்களுக்குப் போகிறார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊருக்கே அது ‘பின்பாதி’தான். புதிதாக வந்தவன் வழி கேட்டாலும், “பின்பாதிக்குப் போய்ச் சாப்பிடு” என்று அனுப்பிவைப்பார்கள்.

அந்த வண்டி முழுசாக இருந்தபோது லெமுவேல், ஜேபஸ் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். லெமுவேலின் மனைவி தெர்சா. மூவரும் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட கேப்டன் ஓட்வேயின் வண்டிக் கூட்டத்தோடு மிசூரியிலிருந்து கிளம்பினார்கள். பிளாட் ஆற்றின் கரையில் லெமுவேலுக்குக் காலரா கண்டது. காலையில் மாடு பூட்டியவர் சாயங்காலம் இல்லை. ஓநாய் தோண்டிவிடக் கூடாது என்று, எல்லோருக்கும் செய்வதுபோல அவரையும் பாதையின் நடுவிலேயே புதைத்து, அதன்மேல் எல்லா வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மண் இறுகி, குழி இருந்த சுவடே தெரியாமல் போனது. தெர்சாவின் வண்டியும் அதன்மேல்தான் ஏறி வந்தது.

லாரமியை அடைந்ததும் ஜேபஸ் கையை விரித்துவிட்டார்.

“யானையைப் பார்த்தாச்சு அண்ணி. தும்பிக்கையில இருந்து வால் வரைக்கும் பார்த்தாச்சு. வண்டியைத் திருப்பறேன், ஊருக்குப் போயிடலாம்.”

யானையைப் பார்த்தாச்சு என்றால் பட்டது போதும், இனி முடியாது என்று அர்த்தம். அந்தப் பாதையில் திரும்பிப் போகிற ஒவ்வொருவனும் சொல்லிக்கொண்டு போன வார்த்தை அது.

“நீ பார்த்திருப்ப ஜேபஸ். எனக்கு இன்னும் வால்கூடக் கண்ல படலையே” என்றாள் தெர்சா.

“அண்ணனைப் பறிகொடுத்த அப்புறமுமா இந்தப் பேச்சு?”

“அதனாலதான் சொல்றேன். திரும்பணும்னா அவர் மேல ஏறித்தான் திரும்பணும். ஒரு தடவை ஓட்டினேன். இன்னொரு தடவை என்னால ஆகாது.”

ஜேபஸ் ஓட்வேயிடம் போய்ச் சொன்னார். விஷயம் கூட்டத்துக்குப் போனது. ஓட்வே கூட்டத்தில் எதற்கும் கை தூக்கித்தான் முடிவு: எங்கே தங்குவது, ஞாயிற்றுக்கிழமை நடப்பதா வேண்டாமா, யார் நாய் குரைத்தது என்பதுவரை. கை தூக்குவது ஆண்கள் மட்டும். புருஷன் இல்லாத பெண் கொழுந்தனோடு ஊர் திரும்ப வேண்டும் என்று ஓட்வே சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. தெர்சா கடைசிக் கை இறங்கும்வரை காத்திருந்தாள்.

“என்னைப் பத்திக் கை தூக்கிட்டீங்க, சரி. வண்டியைப் பத்தி யாரும் தூக்கலையே, கேப்டன்?”

“வண்டிக்கு என்ன?”

“பாதி லெமுவேலோடது. அவர் பாதி என்னோடது. எனக்கு அதைப் பிரிச்சுக் குடுங்க.”

பங்காளிகள் சண்டை போட்டுப் பிரிந்தால் வண்டியை அறுப்பது அந்தப் பாதையில் புதிதல்ல. ஒரு பொரிசட்டியைக்கூட இரண்டாக வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஒரு பெண் பாகம் கேட்டு யாரும் பார்த்ததில்லை. ஜேபஸ் சிரித்தார்.

“பாதி வேணுமா அண்ணி? அப்ப ரம்பத்தை எடுங்க.”

ரம்பத்தை அவள் ஏற்கெனவே பாவாடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தாள். எடுத்து நீட்டினாள். இப்போது கூட்டம் சிரித்தது, ஜேபஸைப் பார்த்து. சிரித்த பிறகு அறுக்காமல் விடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. ஒரு முனையை ஜேபஸும் மறுமுனையைக் கொல்லர் பிங்கமும் பிடித்தார்கள்.

“எந்தப் பாதி யாருக்கு?” என்று கேட்டார் பிங்கம்.

ஜேபஸ் யோசிக்கவே இல்லை. “ஏர்க்கால் இருக்கற பாதி எனக்கு. முன்பாதி. அண்ணி பின்பாதியைத் தள்ளிக்கிட்டே கலிபோர்னியா போகட்டும்.”

“தள்ள ஆள் வேணும்னா உனக்குச் சொல்லி அனுப்பறேன்” என்றாள் தெர்சா.

ஜேபஸ் செய்த தவறு அங்கேதான். வண்டி வளைந்து திரும்புவதற்காக முன்சக்கரங்களைச் சின்னதாகச் செய்வார்கள். பின்சக்கரங்கள் தெர்சாவின் தோள் உயரம். ஏர்க்காலை மரத்திலிருந்து வெட்டிக்கொள்ளலாம். சக்கரத்தை எங்கே போய் வெட்டுவது? அவள் ஆற்றோரம் ஒரு பாப்ளர் மரத்தை வெட்டிச் செதுக்கினாள். பிங்கம் அதை அச்சோடு சேர்க்க ஓர் இரும்பு வளையம் அடித்துக் கொடுத்தார். தன் பங்குக்கு வந்த ஸ்டார், டியூக் என்ற இரண்டு மாடுகளையும் பூட்டினாள்.

மறுநாள் ஜேபஸ் கிழக்கே போனார். கூட்டம் மேற்கே போனது. கூட்டத்துக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தெர்சா போனாள்.

ஓட்வே குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். “நாங்க ஒரு முடிவு எடுத்தோம், தெர்சா.”

“எடுத்தீங்க. நான் உங்க கூட்டத்துல இல்லையே. பாதை பொதுப் பாதைதானே?”

கோடை முழுக்க அவள் அவர்களுடைய தூசியைத் தின்றாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மாட்டின் மூக்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு நடந்தாள். கூட்டத்துப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். பிங்கமின் மனைவி மட்டும், “ரொட்டி தீஞ்சுபோச்சு, நீயே வச்சுக்க” என்று தீயாத ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கோடை முடிகிற நேரத்தில் ஹம்போல்ட் ஆறு மண்ணில் வற்றிப்போகிற இடத்துக்கு வந்தார்கள். அதற்கப்பால் பாலைவனம். கார்சன் ஆற்றை எட்டும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லை, கடைசிப் பகுதி முழுக்கப் பொதபொதவென்ற மணல். தெர்சா புல் அறுத்து வண்டி நிறைய அடைத்தாள், பீப்பாயை நிரப்பினாள். ஓட்வேயின் வண்டியில் புல்லுக்கு இடமில்லை. அவர் மனைவியின் சீதனமான வால்நட் மர அலமாரி அதில் இருந்தது. வழியில் எல்லோரும் அடுப்பையும் கட்டிலையும் எறிந்தார்கள். அலமாரியை எறிவதா என்பதற்கு மட்டும் ஓட்வே கை தூக்கச் சொல்லவே இல்லை.

மணலில் கூட்டத்தின் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. சின்ன முன்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. மாடுகள் படுத்தவை எழவில்லை. விடியும் வேளையில் தெர்சாவின் பெரிய சக்கரங்கள் அவர்களைக் கடந்து உருண்டு போயின. ஓட்வே அலமாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட நினைத்தவருக்கு நாக்கு புரளவில்லை. அவள் பீப்பாயில் மிச்சமிருந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள்.

“மத்தவங்க பொறுத்துக்கங்க. வந்துடறேன்” என்றாள்.

வருவாள் என்று பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. தாங்கள் அவளுக்குச் செய்தது அவர்களுக்கு நினைவிருந்தது.

ஆற்று வாசனை பட்டதும் ஸ்டாரும் டியூக்கும் ஓடின. தெர்சா மாடுகளைக் குடிக்கவிட்டு, மேயவிட்டு, கரையில் முகாமிட்டிருந்தவர்களிடம் இரவல் பீப்பாய்களும் வாங்கி நிரப்பினாள். வெயில் சாய்ந்ததும் வந்த வழியே திரும்பினாள். பாரம் ஏறிய அந்த அரை வண்டி மணலில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றது, பிங்கமின் மனைவி ஓடிவந்து சக்கரத்தைக் கட்டிக்கொண்ட இடத்தில்.

எல்லோரும் குடித்தார்கள். மாடுகளும் குடித்தன. ஓட்வே தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“உனக்கு என்ன வேணும்னு சொல்லு தெர்சா. அலமாரியை எடுத்துக்க.”

“அலமாரி வேணாம் கேப்டன். லாரமியில என்னைப் பத்திக் கை தூக்கினீங்களே. அதை மறுபடி தூக்குங்க.”

ஓட்வே எழுந்து நின்றார். கூட்டம் கூட்டுகிற அதே குரலில் கேட்டார்: “தெர்சா பெனிமன் மேற்கே போகலாம்னு நினைக்கறவங்க?”

கைகள் உயர்ந்தன. தூக்கத் தெம்பில்லாத ஒருவர் கையைப் பிங்கம் பிடித்துத் தூக்கினார். பிங்கமின் மனைவியும் தன் கையைத் தூக்கினாள்.

“பொம்பளைங்க கை கணக்குல வராதே” என்றார் ஒருவர்.

“உன் வயித்துல இருக்கற தண்ணி யார் கொண்டுவந்தது?” என்றார் ஓட்வே. “இன்னைக்கு வரும்.”

மற்றப் பெண்களும் கை தூக்கினார்கள். அலமாரி மணலிலேயே தங்கிவிட்டது. மலையேறும்போது வரிசையில் முதல் வண்டி தெர்சாவுடையது. தூசி மற்றவர்களுக்கு. பனி விழுவதற்கு முன்பே கணவாயைக் கடந்தார்கள்.

பைன் ஃபிளாட்டில் ஆண்கள் ஆற்றில் இறங்கி மண் அலசினார்கள். தெர்சா உலர்ந்த ஆப்பிளை ஊறவைத்து, மாவு பிசைந்து, அரை வண்டியில் வைத்துக் கரையோரம் விற்றாள். அந்த ஆற்றில் தங்கம் தீர்ந்து பல வருடம் ஆகிறது. பை தீரவில்லை. ஓட்வே தினமும் மதியம் அங்கேதான் சாப்பிடுகிறார், மேலோடு கொஞ்சம் கெட்டி என்று தினமும் குறை சொல்கிறார்.

“அலமாரியைவிட லேசுதான் கேப்டன், சாப்பிடுங்க” என்பாள் தெர்சா.

இந்த வருட ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் எந்த வண்டி முதலில் போவது என்று போன வாரம் கூடிப் பேசினார்கள். பின்பாதிக்குத் தலைவர் ஓட்வேதான் முதலில் கை தூக்கினார். எதிர்த்து ஒரு கைகூட இல்லை.

அன்று சாயங்காலமே தெர்சா மிசூரிக்குத் தந்தி கொடுத்தாள்: “தள்ள ஆள் வேணும்.” ஜேபஸிடமிருந்து பதில் வந்துவிட்டது. அவருடைய முன்பாதி, பிரிந்த அந்த வருடமே பிளாட் ஆற்றுச் சேற்றில் போய்விட்டதாம். அவர் வியாழக்கிழமை ரயிலில் வருகிறார். கோல்ஃபாக்ஸ் ஸ்டேஷனில் இருந்து அவரை அழைத்துவர தெர்சா பின்பாதியைப் பூட்டிக்கொண்டு போகிறாள். அன்று மட்டும் சுரங்கத்துக்குப் பை போகாது.