சட்டையில் ஒரு சாம்பல் பட்டை

எங்கள் வீட்டில் தொங்கும் அண்ணன் படத்தில் முகம் மாநிறம், சட்டை பட்டாளத்துப் பச்சை, உதடு கொஞ்சம் தூக்கலான சிவப்பு. கழுத்திலிருந்து நெஞ்சுவரை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் பட்டை வளைந்து இறங்கும். புதிதாக வருகிறவர்கள் ஈரம் பட்டுவிட்டதா என்று கேட்பார்கள்.

இலங்கைச் சண்டைக்குப் போன அண்ணனைக் காணவில்லை என்று தந்தி வந்தது. இந்தியப் படை திரும்பியது, அவன் திரும்பவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது; அவன் மனைவி, என் மதினி, அந்த முடிவுக்கு வரவில்லை. அவள் நெற்றிக் குங்குமத்தைக் கண்டு பேச்சை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் போனபின் பிறந்த மகள் ஒருநாள், "எங்கப்பா கறுப்பா, செவப்பா?" என்று கேட்டாள். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மதினி என்னைக் கூட்டிக்கொண்டு சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் ஏறி, திருநெல்வேலி ஸ்டூடியோ ஒன்றில் அதைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டக் கொடுத்தாள்.

வாங்கப் போனபோது படத்தில் அண்ணன் கழுத்தில் சந்தன மாலை தீட்டியிருந்தது. ஸ்டூடியோ அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. உயிரோடிருப்பவர் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் ஏது? பட்டாளத்துக்காரர், இலங்கை என்றதும் கேட்காமலே போட்டுவிட்டார். மதினி அழுதுவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"மாலைய எடுத்துருங்க அண்ணாச்சி. அவிய வருவாவ."

அவர் என்னைப் பார்த்தார். "எண்ணெய்ச் சாயம், தாயி. தொடைச்சா மொகத்துப் பூச்சும் சேந்து போனாலும் போயிரும்."

"பைய தொடைங்க."

டர்பன்டைனில் நனைத்த பஞ்சு தாடையை நெருங்கியது. முகம் அழிந்தால் இவள் என்ன ஆவாள்? நல்லவேளை, முகம் தப்பித்தது. மாலையோடு அதன் அடியிலிருந்த பச்சை மட்டும் போய், பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. அந்த இடத்தில் மறுபடி பச்சை பூச அண்ணாச்சி தூரிகையை எடுத்தார்.

"வேண்டாம். அவிய வந்து முன்னால நிக்கட்டும். அன்னைக்குப் பூசுங்க."

போன மாதம் மதினி போய்விட்டாள். பொட்டும் பூவுமாகத்தான் அனுப்பிவைத்தோம். அந்தச் சாம்பல் பட்டைப் படத்துக்குப் பக்கத்திலேயே அவள் படத்துக்கும் ஆணி அடித்தோம். மாலை வாங்கப் போன கடையில் என் கை தானாக இரண்டு எடுத்தது. அண்ணன் மகள் ஒன்றை என் கையிலிருந்து வாங்கிக் கடைக்காரரிடமே திரும்பக் கொடுத்தாள்.

"ஒண்ணு போதும் சித்தப்பா. அம்மா ஏசுவா."