கழுத்துப் படம்

படம் பிடிக்கக் கண்டிக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னதும் பொங்கலுக்குத் தைத்த ரோசாநிறச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த படம் ஸ்டூடியோப் படம்தான். பிடிக்கப்போவது அம்மாவின் கழுத்தை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் அம்மாவின் கண்கள் இரண்டும் பிதுங்கி வெளியே வந்திருந்தன. தூங்கும்போதுகூட இமை முழுதாக மூடாது. உடம்பே தன் தைரொய்ட் சுரப்பியோடு சண்டை பிடிக்கிற வருத்தமாம், அது கண்ணையும் விட்டுவைக்காதாம். சுரப்பியைப் படம் பிடித்துப் பார்த்தால்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கலாம் என்றார்கள். எங்கள் ஊர் செட்டிபாளையத்துச் சனம் அதற்குள் பேய்க்கண் என்று தீர்மானித்துவிட்டது.

யுத்த காலம், ஆண்கள் பயணம் போனால் ஆமி பிடித்துவிடும் என்பதால் அப்பா வரவில்லை. பிள்ளை கூட இருந்தால் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறையும் என்று என்னை அனுப்பினார். அடையாள அட்டைக்குத் துணை அட்டையாகத்தான் நான் போனேன்.

கண்டியில் அம்மாவின் கையில் கதிர்மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். அந்த மருந்து உடம்பிலிருந்து கதிர் வீசும், நாளை காலைவரை சின்னப் பிள்ளையை ஒட்டவிட வேண்டாம் என்று தாதி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் சொன்னது "தள்ளி இரு புள்ள" என்பது மட்டும்தான். திரும்பும் பஸ்ஸில் என்னை ஒரு காத்தான்குடி முஸ்லிம் உம்மாவின் பக்கத்தில் இருத்திவிட்டுத் தான் கடைசி சீற்றுக்குப் போய்விட்டார். சட்டையையும் யாரும் படம் பிடிக்கவில்லை, மடியும் இல்லை. வழிநெடுக உம்மென்று இருந்தேன்.

ஏறாவூர் தாண்டி, வாவியோரச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அட்டையில் இருந்த அம்மாவுக்குச் சின்னக் கண்கள். ஆமிக்காரன் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏன் முறைக்கிற?"

"முறைக்கல்ல ஐயா, வருத்தம். அந்தா நிக்கிறது என்ட புள்ளதான். கேட்டுப் பாருங்க."

அவன் என்னிடம் வந்தான். "இது ஒங்க அம்மாவா?"

நான் வாயைத் திறக்கவில்லை. முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பயத்தில் என்று சொல்லி இப்போது தப்பிக்கலாம். கோபம்தான் அது.

அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். பஸ் போய்விட்டது. முன்பின் தெரியாத அந்த உம்மா எனக்காக அதில் ஏறாமல் நின்றுவிட்டார். "அம்மாதான், எங்கட அம்மாதான்" என்று கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தமிழ் தெரிந்த அந்த ஆமிக்காரன் உள்ளே போய்விட்டான். வெளியே நின்றவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஓடிப்போனேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"கிட்ட வராத மகள். நாளைக்குத் தூக்குறன்."

மருந்தின் கதை எனக்குத் தெரியாது. அடிபட்டு வந்த அந்த நேரத்திலும் என்னைத்தான் காத்தார் என்பது விளங்கவில்லை. அம்மா என்று சொல்லாத பிள்ளை அம்மாவுக்கு இனி வேண்டாமாக்கும் என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா இரண்டு கையையும் நீட்டி என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.