வெட்டி எடுத்த இடது பாதி

என் வரைபடத்தை வெட்டியது நீங்கள்தான் சார். என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்துகொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இடது பாதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுரையில் போட்டீர்கள்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குறைகடத்திகள் ஒட்டும் இடத்தில் எலக்ட்ரான்கள் மெல்லிய படலமாக மாட்டிக்கொள்ளும். மேலே கீழே போக முடியாது, பக்கவாட்டில்தான் ஓடும். இப்படி ஒட்டிச் செய்த சிப்பைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்துக் காந்தப்புலத்தில் வைத்தால் எலக்ட்ரான்கள் வட்டமடிக்கும். கூடவே மைக்ரோவேவ் பாய்ச்சினால், காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட மின்தடை ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். சிப் நல்லதாக இருந்தால் சில பள்ளங்களில் தடையே இருக்காது.

நான் சுழலும் மைக்ரோவேவைப் பாய்ச்சினேன். எலக்ட்ரான் சுற்றுகிற திசையிலேயே அது சுழன்றால்தான் ஏற்ற இறக்கம் வரும் என்பது உங்கள் கணக்கு. காந்தப்புலத்தைத் திருப்பினால் எலக்ட்ரான் எதிர்த்திசையில் சுற்றும், எல்லாம் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை. படத்தின் வலது பாதி எப்படியோ, திருப்பிய பிறகு வந்த இடது பாதியும் அப்படியே. திரையில் புள்ளி புள்ளியாக அது வளர்ந்ததைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் உட்காரக்கூட இல்லை. "மைக்ரோவேவ் வர்ற குழாயோட சுவத்துல பட்டு அதோட சுழற்சி கலைஞ்சிருக்கும்மா. அந்தப் பக்கம் குப்பை."

இருக்கலாம். அதைச் சோதிக்க இன்னொரு தடவை ஹீலியம் கேட்டேன். தரவில்லை.

பட்டத்தோடு காஞ்சிபுரம் வந்தேன். மாடியில் டியூஷன் எடுக்கிறேன். கீழே அக்காவும் மாமாவும் தறி நெய்கிறார்கள். நேற்று அக்கா குழம்பை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துவிட்டு என்னைச் சீண்டினாள்.

"இன்னாடி, இன்னும் அந்தாளத் திட்டிக்கினு இருக்கியா? இதுலதான வேல செஞ்ச? சூடு பண்றதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?"

"சூடு இல்லக்கா. சூடாச்சுன்னா அது காணாமப் பூடும். ஜில்லுன்னு இருந்தாத்தான் வரும்."

"அப்ப உனக்கு ஆறிப்போன கொழம்புதான். தட்டு எடுமா."

சிரித்தேன். சாப்பிட முடியவில்லை.

எனக்குப் பதவி வேண்டாம். அந்த அறைதான் வேண்டும். ஹீலியம் ஊற்றும்போது குழாய்மேல் படியும் வெள்ளைப் பனி வேண்டும். பம்பு இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத அந்த மத்தியானம் வேண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான அந்தச் சிப்பில் கம்பிகளை ஒட்டியது நான். கருட சேவைக் கூட்டத்தில் நெரிபடும்போதும் அதுதான் ஞாபகம். எந்த டிராயரில் கிடக்கிறதோ, யாராவது தூக்கிப் போட்டுவிட்டார்களோ. என் அளவீடு தப்பாகவே இருக்கட்டும். தப்பென்று என் கண்ணால் பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் வேறு எதற்கும் நான் இப்படி ஏங்கியதில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர்க் கல்லூரிக்குப் பேச வருகிறீர்களாம். தலைப்பும் இதேதான். நானும் வருகிறேன். முழுப் படத்தையும் திரையில் போடுங்கள். இடது பாதி குப்பை என்று எந்தச் சோதனையில் கண்டுபிடித்தீர்கள்? சோதிக்கவே இல்லையென்றால் அதைச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ கொடுத்துச் சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்து, மாணவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள் சார்.